வேலையிலிருந்து வரும் புற்றுநோய்: காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து தடுப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புற்றுநோய் என்றதும் பேச்சு நேரே சிகரெட், குடி, பரம்பரை என்று போய்விடுகிறது. நாளைக்கு எட்டு மணி நேரம் என்று இருபது முப்பது வருடம் ஒரு மனிதர் எதை மூச்சில் இழுத்தார், எதில் கை நனைத்தார் என்ற கேள்வி வருவதே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் கேட்பதில்லை, பல நேரம் மருத்துவரும் கேட்பதில்லை, நோய் வந்தவருக்கே அது தோன்றுவதில்லை. ஆனால் வேலையால் வரும் புற்றுநோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, எங்கோ ஒரு மருத்துவர் "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டதால் தெரியவந்ததுதான்.

1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், விதைப்பையில் புற்றுநோயோடு வந்தவர்கள் சிறு வயதிலிருந்து புகைபோக்கிக்குள் ஏறிக் கரி சுரண்டியவர்கள் என்பதைக் கவனித்தார். 1895-ல் ஜெர்மனியில் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதை எழுதிவைத்தார். 1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரத்தில் எஸ்மி ஹேட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், மிக அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் செய்பவர்களுக்கே திரும்பத் திரும்ப வருகிறதே என்று பார்க்க ஆரம்பித்தார். 1974-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், ஒரே பி.வி.சி. ஆலையில் வேலை பார்த்த சிலருக்குக் கல்லீரலின் ரத்தக்குழாயில் வரும் அபூர்வமான புற்றுநோய் வந்திருப்பது வெளியே வந்தது. அதற்குக் காரணம் வினைல் குளோரைடு வாயு.

இந்த நான்கு கதையிலும் காரணத்துக்கு ஒரு பெயர் இருந்தது: கரி, சாயத்தின் மூலப்பொருள், மரத்தூள், ஒரு வாயு. பெயர் தெரிந்தால் தடுக்கலாம். பாட் கவனித்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1892-ல் ஹென்றி பட்லின் என்பவர் ஒரு ஒப்பீடு செய்தார். ஐரோப்பாவின் மற்ற சில நாடுகளில் அதே வேலையைச் செய்தவர்களுக்கு அந்த நோய் அரிதாக இருந்தது, காரணம் அவர்கள் உடம்பை இறுக்கி மூடும் உடை போட்டார்கள், வேலை முடிந்ததும் குளித்தார்கள். மருந்து எதுவும் இல்லை. உடையும் தண்ணீரும் மட்டும்தான்.

சரி, இனி படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் வேலையில் என்னென்ன படுகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, காலையில் வேலையிடத்துக்குள் நுழைவதிலிருந்து வெளியே வருவது வரை நடப்பதை வரிசையாக எழுதுங்கள். "வெல்டர்", "பெயிண்டர்" என்று பதவியை எழுதினால் போதாது, கை என்ன செய்கிறது என்று எழுதவேண்டும். எதை வெட்டுகிறீர்கள், எதைத் தேய்க்கிறீர்கள், எதைக் காய்ச்சுகிறீர்கள், எதில் துடைக்கிறீர்கள், பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார். பக்கத்து ஆளை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பல பேருக்கு வரும் தூசி அவர்கள் கிளப்பியது அல்ல.

எழுதும்போது உதவட்டும் என்று, சந்தேகமில்லாமல் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றைச் சொல்கிறேன். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இவற்றை முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கல், கான்கிரீட், செங்கல், ஓடு, மணல் இவற்றை வெட்டினாலும் துளைத்தாலும் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குப் போகிறது. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பழைய கூரைத் தகட்டில், குழாய் உறையில், பழைய பிரேக் லைனிங்கில், கேஸ்கெட்டில் இருக்கும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மெசோதீலியோமாவும் அதனால் வருகின்றன. வெல்டிங் புகை 2017-ல் முதல் பிரிவுக்கு வந்தது, துருப்பிடிக்காத எஃகை வெல்டு செய்யும்போது அதில் ஆறு இணைதிறன் குரோமியமும் (குரோமிய உலோகத்தின் நச்சு வடிவம்) நிக்கலும் சேர்ந்துகொள்கின்றன. டீசல் புகை 2012-ல் சேர்ந்தது. பென்சீன், பெட்ரோலிலும் சில கரைப்பான்களிலும் இருப்பது, ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. மரத்தூளும் தோல் தொழிலின் தூசியும் மூக்குக்கும் அதன் பக்கத்துக் குழிகளுக்கும் ஆபத்து. ஃபார்மால்டிஹைடு ஆய்வகத்திலும் பிணவறையிலும் சில பசைகளிலும் உண்டு. சில சாயப் பொருட்கள், முக்கியமாக பென்சிடின் சார்ந்தவை, சிறுநீர்ப்பையைக் குறிவைக்கின்றன. பெயிண்டர் வேலை, 2022 முதல் தீயணைப்பு வேலை, இவை ஒரு பொருளாக இல்லாமல் வேலையாகவே பட்டியலில் இருக்கின்றன, ஏனென்றால் அங்கே பல பொருட்கள் கலந்து படுகின்றன. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு, சுரங்கத்தில் ரேடான் வாயு, சுத்திகரிக்காத கனிம எண்ணெய், அடுத்தவர் விடும் சிகரெட் புகை, எல்லாமே இதே பிரிவுதான்.

வெயிலும்தான். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மெலனோமா (தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய் மரணங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்வதால் வருகிறது. கருத்த தோலுக்கு இந்த ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

இரவு ஷிப்ட் பற்றிப் பலர் கேட்பார்கள். அது "வர வாய்ப்பு அதிகம்" என்ற இரண்டாம் பிரிவில் இருக்கிறது, உறுதியானது என்ற பிரிவில் இல்லை.

இங்கே ஒரு விஷயம் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது. முதல் பிரிவு என்றால் "மிகக் கொடியது" என்று பொருள் இல்லை, "சான்று உறுதியாக இருக்கிறது" என்றுதான் பொருள். எவ்வளவு ஆபத்து என்பது எவ்வளவு பட்டது, எத்தனை வருடம் பட்டது, எந்த வழியாக உள்ளே போனது என்பதைப் பொறுத்தது. அதனால் பட்டியலைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்துவிட வேண்டாம். அளவைக் குறைத்தால் ஆபத்து குறையும், அது இன்றைக்கே தொடங்கினாலும் குறையும்.

இரண்டாவது படி: டின்னைத் திருப்பிப் பாருங்கள்

பெயிண்ட், தின்னர், பசை, கிளீனர் எதுவானாலும் லேபிளில் சிவப்புக் கட்டம் போட்ட சாய்சதுரப் படங்கள் இருக்கும். மண்டை ஓடு எல்லோருக்கும் தெரியும். நீங்கள் தேட வேண்டியது வேறு: மனிதனின் மார்பளவு உருவம், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல ஒரு வெள்ளைக் குறி. உடனே மயக்கமோ எரிச்சலோ தராமல், வருடக்கணக்கில் உள்ளே வேலை செய்யும் ஆபத்துக்குத்தான் அந்தப் படம். அதன் பக்கத்தில் எச்350 என்று இருந்தால் புற்றுநோய் தரக்கூடியது என்று பொருள், எச்351 என்றால் தரும் என்ற சந்தேகம் இருக்கிறது என்று பொருள்.

லேபிள் கிழிந்திருந்தால், அல்லது பெரிய டிரம்மிலிருந்து பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால், பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். விற்றவர் அதைத் தரவேண்டும். பதினாறு பகுதிகள் இருக்கும், எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. இரண்டாவது பகுதியில் ஆபத்து என்ன என்று இருக்கும், மூன்றாவதில் உள்ளே என்ன கலந்திருக்கிறது, எட்டாவதில் என்ன காற்று வசதி, என்ன மாஸ்க், என்ன கையுறை, பதினொன்றாவதில் உடம்புக்கு என்ன செய்யும். மூன்றாவது பகுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக ஒரு எண் இருக்கும், பென்சீனுக்கு 71-43-2, ஃபார்மால்டிஹைடுக்கு 50-00-0. வியாபாரப் பெயர் எத்தனை மாறினாலும் அந்த எண் மாறாது, அதை வைத்துத் தேடினால் ஏமாற வழியில்லை.

ஆனால் மிக மோசமானவற்றுக்கு டின்னே கிடையாது. கல்லை வெட்டும்போது வரும் தூசியும், வெல்டிங் புகையும், இன்ஜின் புகையும் வேலை செய்யும்போதுதான் பிறக்கின்றன. அவற்றில் யாரும் லேபிள் ஒட்டித் தருவதில்லை. அதனால்தான் முதல் படியில் கை என்ன செய்கிறது என்று எழுதச் சொன்னேன்.

மூன்றாவது படி: கண்ணையும் மூக்கையும் நம்பாதீர்கள்

"தூசி ஒன்றும் அவ்வளவு இல்லையே", "வாசனையே வரவில்லையே" என்ற இரண்டு வார்த்தையும் பல பேரை ஏமாற்றியிருக்கிறது.

சிலிக்காவுக்கு அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிப்படி, எட்டு மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம்தான் இருக்கலாம். ஒரு ஷிப்டில் உடம்பை வருத்தி வேலை செய்பவர் சுமார் பத்து கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்தால், நாள் முழுக்கச் சேர்த்து அரை மில்லிகிராம். சாப்பாட்டு உப்பின் ஒரு பரல் ஏறக்குறைய 0.06 மில்லிகிராம் இருக்கும். உள்ளங்கையில் எட்டுப் பத்து உப்புப் பரலை எண்ணி வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் ஒரு நாளின் எல்லை. காய்ந்த கான்கிரீட்டில் கிரைண்டரை வைத்ததும் எழும் வெள்ளை மேகத்துக்குப் பக்கத்தில் இது எந்த மூலைக்கு? அதிலும் அந்த மேகத்தில் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள், அது மூக்கிலும் தொண்டையிலும் மாட்டி வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிவரைக்கும் போய் உட்காருவது கண்ணுக்கே தெரியாத துகள். மேகம் அடங்கி, "தூசி போயிடுச்சு" என்று மாஸ்க்கைக் கழற்றும்போது அதுதான் இன்னும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

பென்சீன் விஷயத்திலும் இப்படித்தான். மூக்குக்கு வாசனை எட்டும்போதே அளவு பல நாடுகளின் வரம்பைத் தாண்டியிருக்கும். கல்நாருக்கு வாசனையும் இல்லை, எரிச்சலும் இல்லை, இருமல்கூட வராது.

இன்னொன்று காலம். பென்சீனால் வரும் ரத்தப் புற்றுநோய் சில வருடங்களிலேயே வந்துவிடலாம். நுரையீரல் புற்றுநோய்க்குப் பொதுவாகப் பதினைந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகும். மெசோதீலியோமாவுக்கு இருபதிலிருந்து ஐம்பது வருடம். "இத்தனை வருஷமா செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று மூத்தவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதை நம்பி, பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பையன் தன் ஐம்பதாவது வயதை முடிவு செய்துகொள்கிறான், அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

நான்காவது படி: பிறக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள்

பாதுகாப்பு என்றதும் முதலில் மாஸ்க்கை எடுப்பார்கள். அது கடைசியில் எடுக்க வேண்டியது. மாஸ்க் ஒரு ஆளை, அதுவும் அவர் சரியாகப் போட்டிருக்கும் நேரம் வரை மட்டும் காக்கும். தூசியே கிளம்பாமல் செய்தால் அங்கே இருக்கும் எல்லோரும் தப்பிக்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பொருள் வேண்டுமா, இந்த வேலையை இப்படித்தான் செய்யவேண்டுமா என்று. மணல் பீச்சி இரும்பைச் சுத்தம் செய்வதை பிரிட்டன் 1949-லேயே விதி போட்டு நிறுத்தியது, எஃகுத் துகளையோ கார்னெட் என்ற கனிமத் துகளையோ வைத்து அதே வேலை நடக்கிறது. தொண்ணூறு சதவீதம் வரை சிலிக்கா இருக்கும் செயற்கைக் கல் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது, இள வயதுத் தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டுப்போனதைப் பார்த்த பிறகு. கல்நாரை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. டிக் வெல்டிங் செய்பவர்கள் டங்ஸ்டன் கம்பியின் நுனி நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு என்றால் தோரியம் கலந்தது, கதிர்வீச்சு உள்ளது, அதைக் கூர் தீட்டும்போது வரும் தூசி உள்ளே போகக் கூடாது. லாந்தனம் அல்லது சீரியம் கலந்த கம்பிக்கு மாறிவிடலாம்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. செருப்புப் பசையில் பென்சீனை எடுத்துவிட்டு ஹெக்சேன் என்ற வேறு கரைப்பானைப் போட்ட இடங்களில் தொழிலாளர்களின் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. புதிய பொருளின் தகவல் தாளையும் படித்துவிட்டுத்தான் மாற்றவேண்டும்.

மாற்ற முடியாதென்றால் நனையுங்கள். கல்லோ கான்கிரீட்டோ ஓடோ, வெட்டும் பிளேடின் மேலேயே தண்ணீர் விழவேண்டும். முன்கூட்டியே ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துவிட்டு வெட்டினால் மேல்தோல்தான் நனைந்திருக்கும், பிளேடு உள்ளே இறங்கியதும் காய்ந்த கல்தான். சரியாகத் தண்ணீர் விழுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: வெட்டிலிருந்து சேறு வழியவேண்டும், மேகம் எழக்கூடாது. மின்சாரக் கருவியில் தண்ணீர் விடும்போது அதற்கென்று செய்த கருவியும் கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கரும் இருக்கவேண்டும், புற்றுநோயிலிருந்து தப்பிக்கப்போய் ஷாக் அடித்துவிடக் கூடாது. அந்தச் சேற்றையும் காய விடாமல் அள்ளிவிடுங்கள், காய்ந்தால் மறுபடி தூசிதான்.

அப்புறம் உறிஞ்சுவது. இதில்தான் நிறைய இடங்களில் செலவு செய்தும் வீணாகப் போகிறது. சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு, வெல்டரை அறைக்கு நடுவில் உட்கார வைத்தால், புகை அவர் முகத்தைத் தாண்டித்தான் ஃபேனுக்குப் போகும். உறிஞ்சும் வாய் புகை பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். எவ்வளவு பக்கத்தில்? குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் விலகினாலே, இழுக்கும் வேகம் வாயில் இருப்பதில் பத்தில் ஒரு பங்காகிவிடும். பதினைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயை முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது ஓடும் சத்தம்தான் மிச்சம். ஒரு ஊதுவத்தியையோ புகையும் திரியையோ வேலை நடக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள் (தின்னர், பெயிண்ட் இருக்கும் இடத்தில் வேண்டாம்), புகை வளைந்து குழாய்க்குள் போனால் சரி, மேலே நேராக எழுந்தால் குழாயை நகர்த்துங்கள். ஃபேன்தான் இருக்கிறது, வேறு வசதி இல்லை என்றால், குறைந்தபட்சம் உங்கள் பக்கவாட்டிலிருந்து காற்று வந்து புகையை முகத்திலிருந்து தள்ளிக்கொண்டு போகும்படி உட்காருங்கள். புகைக்கு மேலே தலையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மரப் பட்டறையில் ரம்பத்திலும் சாண்டரிலும் தூசிப் பையோ உறிஞ்சும் குழாயோ மாட்டுங்கள், மாட்டிய பையை நிரம்புவதற்கு முன்பே காலி செய்யுங்கள். வண்டிப் பட்டறையில் இன்ஜினை உள்ளே ஓட விடவேண்டியிருந்தால் சைலன்சரில் ஒரு குழாயைப் பொருத்தி வெளியே விடலாம், தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடலாம்.

"இதெல்லாம் நடக்காத காரியம்" என்று சொல்பவர்களுக்கு அந்த வினைல் குளோரைடு கதையின் மீதியைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் அதுவரை பத்து லட்சத்தில் ஐநூறு பங்கு வரை அனுமதி இருந்தது. 1974-ல் அதை ஒரு பங்காகக் குறைத்தார்கள். ஆலைகள் மூட வேண்டியதுதான் என்று தொழில்துறை வாதாடியது. கசிவை அடைத்தார்கள், கலனை மூடிய அமைப்பாக்கினார்கள், உற்பத்தியும் தொடர்ந்தது.

ஐந்தாவது படி: பெருக்குவதை நிறுத்துங்கள்

நாள் முழுக்க எச்சரிக்கையாக இருந்துவிட்டு, கடைசி பதினைந்து நிமிடத்தில் காய்ந்த துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினால் படிந்ததெல்லாம் மறுபடி எழும்பும். கம்ப்ரசர் காற்றால் மேசையையும் உடம்பையும் ஊதிக்கொள்வது அதைவிட மோசம். ஈரத்துணியால் துடைக்கலாம், தண்ணீர் விட்டுக் கழுவலாம், இல்லையென்றால் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்யூம். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண வேக்யூம் நுண்ணிய தூசியைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிடும்.

கல்நார் என்று சந்தேகம் வந்தால் எதையும் செய்யாதீர்கள். துளைக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். உடையாமல் கிடக்கும் தகடு அதிகமாக நாரை விடாது, அதை வெட்டும்போதுதான் விடும். அகற்றத்தான் வேண்டும் என்றால் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டிய வேலை அது.

ஆறாவது படி: மாஸ்க்

துணி மாஸ்க்கும் அறுவை சிகிச்சை மாஸ்க்கும் இந்த வேலைக்கு ஆகாது. தூசிக்கும் புகைத் துகளுக்கும் என்95, எஃப்எஃப்பி2, எஃப்எஃப்பி3 வகை. கல்நாருக்கு இன்னும் உயர்ந்தது வேண்டும். ஆனால் தின்னர், பென்சீன் ஆவிக்கு இவை எதுவும் தடுக்காது, அதற்கு ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க். கார்ட்ரிட்ஜுக்கு ஆயுள் உண்டு, வாசனை வர ஆரம்பித்த பிறகு மாற்றுவது தாமதம். தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது, இரண்டு நாள் முள்தாடி இருந்தாலும் ஒட்டாது. போட்டதும் இரு கையாலும் மூடிக்கொண்டு மூச்சை விட்டுப் பாருங்கள், மூக்கோரத்தில் காற்று கண்ணில் அடித்தால் கம்பியை அழுத்தி மறுபடி பொருத்துங்கள்.

கையுறையும் அப்படித்தான், எல்லாக் கையுறையும் எல்லா ரசாயனத்தையும் தடுக்காது. தகவல் தாளின் எட்டாவது பகுதியைப் பாருங்கள். புற்றுநோய் மருந்துகளைக் கையாளும் செவிலியர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும், அந்த மருந்துகளில் சிலவே புற்றுநோய் தரக்கூடியவை. மாத்திரையைப் பொடி செய்வதும் ஊசி மருந்தைத் திறந்த மேசையில் கலப்பதும் கூடாது.

வெயிலில் வேலை என்றால் முழுக்கைச் சட்டை, கழுத்தையும் காதையும் மறைக்கும் அகலமான தொப்பி, காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை முடிந்தவரை நிழல்.

ஏழாவது படி: வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. கல்நார் ஆலைக்குள் ஒரு நாளும் கால் வைக்காத பெண்கள் மெசோதீலியோமாவால் இறந்திருக்கிறார்கள். கணவரின் வேலைச் சட்டையை உதறித் துவைத்ததுதான் அவர்கள் செய்தது. வேலையிலிருந்து வந்த அப்பாவைக் கட்டிக்கொண்ட குழந்தைகளுக்கும் பின்னாளில் வந்திருக்கிறது.

அதனால் வேலை உடையை வேலையிடத்திலேயே கழற்றி, முடிந்தால் அங்கேயே துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் உதறாமல் ஒரு பையில் கட்டி, மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக, முதலில் நனைத்துவிட்டுத் துவைக்கவேண்டும். செருப்பை வெளியே விடுங்கள். தலைக்குக் குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். வேலை செய்யும் மேசையில் சாப்பிடாதீர்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைக்காதீர்கள்.

கையில் ஒட்டிய கிரீஸைப் பெட்ரோலிலும் தின்னரிலும் கழுவுவது பட்டறைகளில் சாதாரணம். தோல் வழியாகவும் உள்ளே போகும், ஆவி மூக்கு வழியாகவும் போகும். சோப்பும் தண்ணீரும் போதாதபோது அதற்கென்று விற்கும் கை சுத்தம் செய்யும் பசையைப் பயன்படுத்துங்கள். எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம், எண்ணெயில் ஊறிய துணி தொடையிலும் விதைப்பையிலும் வருடக்கணக்கில் உரசினால் பாட் பார்த்த அதே புற்றுநோய் வரலாம்.

எட்டாவது படி: சிகரெட்டை இன்றே விடுங்கள்

கல்நார் வேலை செய்தவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 1979-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் கல்நார் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து சுமார் 5 மடங்கு, சிகரெட் மட்டும் பிடித்தவருக்குச் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். ஐந்தும் பதினொன்றும் கூடிப் பதினாறு ஆகவில்லை, பெருகிவிட்டது. இதைக் காட்டி "உனக்கு சிகரெட்டால்தான் வந்தது" என்று முதலாளி கைகழுவ முடியாது, ஏனென்றால் அந்த ஐம்பதில் கல்நாரின் பங்கும் இருக்கிறது. ஆனால் கடந்த காலத்தில் பட்ட தூசியைத் திரும்ப எடுக்க முடியாது, சிகரெட்டை இன்றைக்கு நிறுத்த முடியும்.

ஒன்பதாவது படி: தனியாகப் போய்க் கேட்காதீர்கள்

முதலாளியிடமோ சூப்பர்வைசரிடமோ "இங்கே எல்லாம் ஆபத்தாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. நான்கு பேர் சேர்ந்து, ஒரு பொருளைக் குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள்: இந்தத் தின்னரின் தகவல் தாள் வேண்டும், இந்தக் கிரைண்டருக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும், காற்றில் தூசியை அளந்து முடிவைக் காட்டவேண்டும். தேதி போட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தொழில்சார் புற்றுநோய்க்கென்றே 1974-ல் 139-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது, பாதுகாப்பான வேலையிடம் என்பதை 2022-ல் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை. தொழிற்சங்கமோ அரசின் தொழிற்சாலை ஆய்வாளரோ இருந்தால் அவர்கள் வழியாகப் போகலாம்.

சொந்தப் பட்டறை வைத்திருப்பவர் நீங்கள் என்றால், கேட்க வேண்டிய ஆளும் கொடுக்க வேண்டிய ஆளும் நீங்களேதான். உங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கும் பையனின் நுரையீரலும் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

பத்தாவது படி: உடம்பு சொல்வதைக் கேளுங்கள், மருத்துவரிடம் வேலையைச் சொல்லுங்கள்

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும், காட்டுங்கள். சாயம், ரப்பர், பெயிண்ட் வேலை செய்தவர்கள் முக்கியமாக. மரம், தோல் வேலை செய்பவருக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தாலோ ரத்தம் வந்தாலோ சளி என்று விட்டுவிடக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், படியேறும்போது புதிதாக வரும் மூச்சிரைப்பு, ஆறாத தோல் புண், காரணமில்லாமல் எடை குறைவது, சும்மா தொட்டாலே உடம்பில் நீலம் பாரிப்பது, இவையெல்லாம் வேறு சாதாரணக் காரணத்தாலும் வரலாம், ஆனால் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். வேலையை விட்ட பிறகும் பரிசோதனை தொடரவேண்டும் என்று அந்த 139-வது உடன்படிக்கையே சொல்கிறது.

மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள், அதற்கு இப்போதே ஒரு நோட்டு போடுங்கள். வருடம், இடம், கை செய்த வேலை, பட்ட பொருள், தண்ணீர் விட்டார்களா, மாஸ்க் இருந்ததா, புகை உறிஞ்ச வசதி இருந்ததா, பக்கத்தில் என்ன வேலை நடந்தது, ஒரு வரிக்கு ஒரு வேலை. டின் லேபிளை போனில் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள், பத்து வருடம் கழித்து அந்தக் கம்பெனியே இல்லாமல் போயிருக்கலாம். கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரை எழுதி வையுங்கள், இழப்பீடு கேட்க வேண்டி வந்தால் சாட்சி சொல்ல அவர்கள்தான் இருப்பார்கள். பதினாறு வயதில் விடுமுறைக்குப் போய்ச் செய்த ஆறு மாத வேலையையும் விட்டுவிடாதீர்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.